இருபது ஆண்டுகள், தடையின்றி

சுல்மோனா நீதிமன்றத்தில் மூன்றாம் மேசை என்னுடையது.
என்னுடையது என்றால்,
மேசை அரசுடையது, முதுகுவலி எனக்கு.

இன்று எர்சிலியா தெல் போஸ்கோவின் வழக்கு.
நூற்றுப் பதினேழு ஒலிவ மரங்கள்.
பத்திரத்தில் பெயருள்ளவர்
அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறி
அந்த மண்ணிலேயே மண்ணாகிவிட்டார்.
இருபது ஆண்டு, தடையின்றி, ஊரறிய,
சொந்தக்காரரைப் போல் அனுபவித்தால்
நிலம் உனக்கு.
பழைய ரோமில் இரண்டே ஆண்டு.
பன்னிரண்டு பலகைகளில் அப்படித்தான் எழுதியிருந்தது.
காலம் அப்போது ஆழமாக உழுததோ என்னவோ.

அவள் கொண்டுவந்தவை:
மயில்துத்தம் வாங்கிய ரசீதுகள்,
கதவுச் சாவி,
துருப்பிடித்த வேலிக்கம்பி,
கவாத்து ரம்பம் ஒன்று,
ஐந்து சாட்சிகள்.

ஐந்து!
எனக்குள் சிரித்துக்கொண்டேன்.
அன்றும் ஐந்து பேர்தான் நிற்பார்கள்,
இன்னொருவன் தராசு பிடிப்பான்.
வாங்குகிறவன் பொருளைத் தொட்டு
இது என்னுடையது என்பான்,
வெண்கலத் துண்டால் தராசைத் தட்டுவான்.
கிண்.
எருது கைமாறும்.
கிண்.
தோட்டம் கைமாறும்.
அதே கிண்ணில் மனிதனும்.

நான்காம் சாட்சி பாகாரி, காம்பியாக்காரர்.
கவாத்து செய்தது யார்?
நான்.
வலை விரித்தது?
நான்தான். பதினொரு வருஷம்.
மழையில் சரிந்த கல்சுவரையும் நானே அடுக்கினேன்.
யாருக்காக?
கொஞ்சம் யோசித்தார்.
சம்பளம் அவங்க தந்தாங்க.

நீதிபதிக்கு அது போதும்.
பிறருக்காகப் பிடிக்கும் கை வெறும் கை;
பிடியில் உள்ளது பிடிக்கச் சொன்னவளுக்கு.
இதையும் அவர்கள்தான் எழுதிவைத்துப் போனார்கள்:
அடிமை தொட்டது ஆண்டானுக்கு.
அடிமை என்ற சொல்லை அடித்துவிட்டோம்.
வாக்கியம் அப்படியே இருக்கிறது,
எழுவாய் மட்டும் மாறி.

எர்சிலியா அழுதாள். கெட்டவள் இல்லை.
கணவனைப் புதைத்த மறுவாரம்
ஏணியில் ஏறியவள்.
தீர்ப்பைத் தட்டச்சு செய்யும்போது
அவளுக்காக எனக்கும் மகிழ்ச்சிதான்.

எல்லாரும் போனபின்
பாகாரி என் மேசைக்கு வந்தார்.
அந்த ரம்பம் என்னுடையது, என்றார்.
ரசீது இருக்கிறதா? என்றேன்,
பழக்கதோஷம்.

அவர் கைப்பிடியைப் பற்றிக் காட்டினார்.
தேய்ந்த மரத்தில் நான்கு பள்ளங்கள்.
நான்கிலும் விரல்கள் போய் உட்கார்ந்தன.

பதிவேட்டில்
உரிமையாளர் என்ற கட்டத்தின் மேல்
என் பேனா
இன்னும் நிற்கிறது.