குழாய்

அறுபது மீட்டர் உயரம். நூறு மீட்டருக்கு ஒரு கோடு.
ஹெலிகாப்டருக்குக் கீழே கயிற்றில் தொங்கும் காந்தமானியை
நாங்கள் பறவை என்போம்.
ஊத்தங்கரைக்குத் தெற்கே, ஊற்று பெயரில் மட்டும் மிஞ்சிய ஊர்களின் மேல்
அது பதினேழு நாள் பறந்தது.
கோழி முட்டை வைக்கவில்லை என்று ஒரு மனு,
மாம்பூ கொட்டிப்போச்சு என்று இரண்டு,
தாசில்தார் மேசையில்.

வைரம் ஏறிவந்த வழிக்குக் குழாய் என்று பெயர்.
நூற்றைம்பது கிலோமீட்டர் அடியிலிருந்து
ஒரே மூச்சில் வந்து
முள்ளங்கி போல மேலே பருத்து அணைந்த பாறை.
வரைபடத்தில் பொட்டாக விழும்.

இரவு ஒன்றரைக்கு, லாட்ஜ் அறையில்,
கோடு இருநூற்றுப் பதினாலில்
எனக்கு ஒரு பொட்டு விழுந்தது.
சிவப்பு. ஒட்டினாற்போல் நீலம்.
யாரையும் எழுப்பவில்லை.
இரண்டு முறை முகம் கழுவினேன்.

காலையில் ஊக்கு, கொண்டை ஊசி, செல்போன்
எல்லாவற்றையும் ஜீப்பில் கழற்றிவைத்து
(என்மேல் இரும்பு இருந்தால் கருவி என்னைத்தான் கண்டுபிடிக்கும்)
கொள்ளுக்காட்டில் இறங்கினேன்.
வரப்பில் மாதையன்.
"என்னம்மா தேடற?"
"குழாய்ங்க." வாய் தவறி வந்துவிட்டது.
"அதைச் சொல்லு" என்று முன்னால் நடந்தார்.

முள்ளை விலக்கி, பலகைக்கல்லைப் புரட்டி,
ஒவ்வொன்றாய்.
இது தொள்ளாயிரம் அடி, புழுதிதான்.
இது திருச்செங்கோட்டு வண்டி, ராத்திரி பூரா.
இது உள்ளங்கையில் தேங்காய் நிமிர்ந்த இடம்.
இது சம்சாரத்தோட சங்கிலி.
இதில் ஏழு நாள் தண்ணி வந்தது,
ஏழு நாளும் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தாராம்.
நாலு ஏக்கரில் பதினொன்று.
செங்குத்தாய் நிற்கும் இரும்புக் கேசிங்
ஒவ்வொன்றின் மேலும்
என் கருவி கத்தியது.

'மனிதர் போட்ட இரும்பு. நீக்கவும்.'
அறிக்கைக்கு இந்த ஒரு வரி போதும்.

நோட்டைக் கேட்டார்.
வெளியாருக்குக் காட்டக் கூடாது.
காட்டினேன்.
"பேங்குல மூணுதான் எழுதியிருக்கான்.
நீ பதினொண்ணையும் போட்டிருக்கியே."
விரல் வைத்து எண்ணினார், இரண்டு தரம்.

பிறகு, புள்ளி எதுவும் விழாத
ஈசானி மூலையில் நகத்தை ஊன்றி
வெகுநேரம் பார்த்தார்.
"இங்க இன்னும் போடல" என்றார்,
என்னிடமா, அந்த மூலையிடமா,
தெரியவில்லை.