நான்காம் வழி மூடியிருக்கிறது

ஒன்று இரண்டு மூன்று ஐந்து.
ஒன்று இரண்டு மூன்று ஐந்து.
நான்கை ஏன் தாண்டுகிறோம் என்று
பயிற்சித் தாளில் எழுதியிருக்கவில்லை.
சுங்கச்சாவடியில் இருப்பவளுக்குக் காரணம் வேண்டியதில்லை.
நான்காம் வழியின் தடுப்புக் கம்பி
ஆடியிலிருந்து பழுது.
கூம்பு வைத்து மூடியிருக்கிறோம்.
மூன்றிலிருந்து ஐந்துக்கு ஒடிக்கின்றன லாரிகள்.

காவேரிப்பட்டணத்து பேண்டு செட்காரர்
புது சாக்ஸபோன் வாங்கிய வாரம்
பழையதை ஒன்பதாயிரத்துக்கு என் தலையில் கட்டினார்.
ஒரு சாவிக்கு ரப்பர் பேண்டுதான் ஸ்பிரிங்.
உள்ளே யார் கல்யாணத்துப் பன்னீரோ
இன்னும் காயவில்லை.

இரவு டூட்டி முடிந்து
ராயக்கோட்டை ரோட்டு மாடி அறையில்
ஜன்னலைச் சாத்தி, குழல் வாயில் துண்டைத் திணித்து
(பிரயோசனமில்லை, தெருவுக்கே கேட்கும்)
அதே நான்கு சுரம்
பன்னிரண்டு சுதியிலும்.
ஒரு சுதி கீழே. இன்னொன்று கீழே.
ஜாஸ் என்றால் நினைத்ததை வாசிப்பது
என்றுதான் சேர்ந்தேன்.
நினைப்பதற்கே முதலில் சொல் வேண்டுமாம்.
உருப்போடு. உருப்போடு.
எட்டு மாதமாய் உதட்டில் தழும்பு,
நினைப்பு ஒன்றும் வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதிலும் இப்படித்தான்.
சில்லறை இல்லை,
சில்லரெ இல்லா,
சில்லர லேது,
சுட்டா நஹி ஹே.
கண்ணாடிக்குப் பின்னால் முணுமுணுத்தபடியே
வந்த வண்டி நம்பர் பார்த்து
ஒன்றை எடுத்து நீட்டுவேன்.
பதில் கேள்வி கேட்டால் செத்தேன்.
பிறகொரு மார்கழி இரவு
ஸ்டிக்கர் ஸ்கேன் ஆகாத ஜோத்பூர் டிரெய்லர்,
பின்னால் அரை கிலோமீட்டர் ஹாரன்.
அவன் கத்தினான், நான் கத்தினேன்,
அவன் அம்மாவை இழுத்தான்,
நான் அவன் கிளட்ச் பிளேட்டை இழுத்தேன்.
கம்பி உயர்ந்து அவன் போன பிறகு
ஐந்தாம் வழி மெகருன்னிசா கேட்டாள்:
"ஏய், இந்தி எப்ப கத்துக்கிட்ட?"
இந்தியிலா பேசினேன்?

கீழ் வீட்டில் நாகவேணி
மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறாள்.
காலை ஏழுக்குக் கிரைண்டர் சுழலும்.
அது நிற்பது என் பட்டியலில் ஏழாம் சுதிக்கு
ஒரு மயிரிழை கீழே.
முதலில் எரிச்சல்.
பிறகு உதட்டைத் தளர்த்தி
அதோடு ஒட்டிக்கொள்ளப் பழகிவிட்டேன்.
கல் அவளுடையது, சுதி எனக்கு.

வியாழக்கிழமை கரண்ட் போனது.
கிரைண்டர் சட்டென்று நிற்காது.
ஈரக் கல்லின் கனத்தில்
முனகி முனகி இறங்கும்.
நான் ஒன்று இரண்டு மூன்றில் இருந்தேன்.
ஐந்துக்குப் போகும்போது
நிற்க வேண்டிய தரை அங்கே இல்லை.
விரல் தானாக ஒரு சுதி கீழே.
அங்கும் இல்லை.
இன்னும் கீழே, ஐந்தை முதலில் வைத்து,
மூன்றைத் திருப்பி,
எங்கோ நான்கையும் மிதித்து
(அப்படி மிதித்தது எவ்வளவு வலித்தது, எவ்வளவு சரியாக இருந்தது)
கல் போகிற பள்ளத்துக்கெல்லாம் பின்னாலேயே போய்
அது நின்ற இடத்தில்
மூச்சு தீர்ந்து நின்றேன்.
ஐந்தாறு நொடி இருக்கும்.
ஃபேன் இறக்கையும் அப்போதுதான் நின்றது.

கீழேயிருந்து நாகவேணி:
"ஏமே, கரண்ட் போச்சா, உனக்கு ஏதாவது ஆச்சா?"

வெள்ளியும் சனியும் உட்கார்ந்து
அதைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தேன்.
பென்சிலால் எழுதினால்
செத்த பல்லி போலக் கிடக்கிறது தாளில்.
ஞாயிறன்று இறங்கிப் போய்க் கேட்டேன்,
நடுவில் ஒரு தடவை சுவிட்சை அணைக்க முடியுமா என்று.
கையில் வழிந்த மாவோடு பார்த்தாள்.
"பாதில நிறுத்தினா இட்லி கல்லாயிடும்.
உளுந்து என்ன விலை தெரியுமா?"

சரி.
ஒன்று இரண்டு மூன்று ஐந்து.
அடுத்த சுதி.
மழை வரும்போல இருக்கிறது
போலுப்பள்ளிப் பக்கம்;
இந்த லைனில் இடி இடித்தாலே கரண்ட் போகும்.