ஆறில் நான்கு

முள் தொண்ணூறைத் தாண்டியபோது
நான் சொல்லவில்லை.
அவனும் பார்த்தான். அவனும் சொல்லவில்லை.
மார்ச் மாதத்திலிருந்து எங்களுக்குள்
படகைப் பற்றிய சொற்கள் மட்டுமே பாக்கி.
அதையும் சிக்கனமாய்ச் செலவழிக்கிறோம்.

பின்னால், புகைக்குழாய் வாயில்,
கடல்நீரைத் துப்பும் சத்தம் நின்றுபோயிருந்தது.
வறண்ட இருமல் மட்டும்.
வெள்ளையாய் ஆவி.
கருகும் ரப்பரின் வாடை
இருபத்துமூன்று மூட்டை உருளைக்கிழங்கையும்
கால் கட்டிய செம்மறியையும் தாண்டி
என்னிடம் வந்தது.

"நிறுத்து" என்றேன்.
நிறுத்தினான்.
அச்சாவோவுக்கும் கெனாக் தீவுக்கும் நடுவில்
மழை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
நங்கூரம், கயிறு தீரும் தறுவாயில்
ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டது.

தண்ணீர் மூடியைத் திறக்கப்போன அவன் கையைத்
தட்டிவிட்டேன்.
கொதிக்கும்போது திறந்தால் முகம் வெந்துபோகும்.
பன்னிரண்டு வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு
இதுகூடவா தெரியாது?

முதலில் அடிவால்வு. திறந்தேதான் இருந்தது.
அடுத்து வடிகட்டி.
கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு கொத்துப் பாசி,
ஜெல்லிமீனின் கிழிந்த பாவாடை,
நகக்கண் அளவில் மூன்று மட்டிக் குஞ்சுகள்,
வாடகை கொடுக்காமல் குடியேறி.
வழித்தெறிந்தேன்.
இயக்கினான்.
அதே இருமல்.

பம்பின் முகத்தில் ஆறு திருகாணி.
ஐந்து சொன்னபடி வந்தன.
ஆறாவது, உப்பில் ஊறிய பிடிவாதம்,
நோல்பெர்த்தோவின் வாயிலிருந்து
தேவமாதாவையும் சேர்த்திழுக்கும் ஒரு வசவை
வாங்கிக்கொண்ட பிறகே திரும்பியது.
மூன்று மாதத்தில் நான் கேட்ட
அவனுடைய மிக நீளமான வாக்கியம்.

உள்ளே இம்பெல்லர்.
ஆறு ரப்பர் இதழ் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு.
மற்ற இடமெல்லாம்
பல் விழுந்த ஈறு.

பிஸ்கட் டப்பாவில் புதிதாய் ஒன்று வைத்திருந்தேன்.
யாருக்கு எது என்று வக்கீல் எழுதிய பட்டியலில்
அது இல்லை.
நானும் சொல்லவில்லை.
பாத்திரம் துலக்கும் சோப்பைத் தடவி
இதழ்களை ஒரே பக்கமாய் மடக்கி
முறுக்கி உள்ளே தள்ளினேன்.
கேஸ்கெட் கிழிந்துவிட்டது; ஓட்ஸ் அட்டையிலிருந்து
கத்தரித்தான்.
கச்சிதமாகத்தான்.

தண்ணீர் வந்தது,
சின்னப் பையன் ஒன்றுக்குப் போவதுபோல,
மெலிசாய், விட்டுவிட்டு.
முள் மறுபடி ஏறியது.

அவன் "தெர்மோஸ்டாட்" என்றான்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஆறில் இரண்டு போக நான்கு.
அந்த நான்கும் எங்கே?
உடைந்துபோனது தொலைந்துபோவதில்லை.
ஓடும் தண்ணீரோடு கொஞ்ச தூரம் போய்
இடுக்கு பார்த்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆறவிட்டோம். அரைமணி நேரம்.
அவன் மழையைப் பார்த்தான், நான் ஸ்பேனரை.
பிறகு குளிர்விப்பானின் பக்கமூடியைக் கழற்றினால்
செப்புக் குழல்களின் வாசலில்
தேனடையில் செத்த வண்டுபோல் ஒன்று.
அதற்கடியில் இன்னொன்று.
கிள்ளிக் கிள்ளி எடுத்து
அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
மூன்று.

"போதும், ஓடும்."
"நாலு."
"எப்பவும் நீ இப்படித்தான், எதெல்மிரா."
படகைப் பற்றி இல்லாத முதல் பேச்சு.
பதில் சொல்லாமல்
வளைகுழாயின் கிளிப்பைத் தளர்த்தினேன்.
அங்கே இருந்தது,
கறுப்பாய், ஓரம் கிழிந்து,
இத்தனை ரகளைக்கு இவ்வளவுதானா என்பதுபோல.

இப்போது கொட்டியது நீர்,
வாளி வாளியாய்.
முள் எண்பதில் நின்றது.
செம்மறி கத்தியது, என்ன நினைத்தோ.

கெனாக் துறையில் ஒதிலியா
மூட்டைகளை எண்ணியபடி கேட்டாள்,
ஏன் இவ்வளவு நேரம் என்று.
"சூடாயிருச்சு" என்றான் அவன்.
"ஆறிருச்சா?"
அவள் எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டாள்.

நான்கு துண்டும் என் சட்டைப்பையில் ஈரமாய்.
"என்ஜின் ஆறிருச்சு" என்றேன்.