மேற்கணக்கு

ரிஃபாஸ் கிண்ணியாக்காரன்.
தண்ணீர்க்குழாய் அடைக்கிற பசையை உருட்டிப்
பதினைந்து நத்தை செய்து
நகப்பூச்சு அடித்துக் கொண்டுவந்தான்.
ஓடில்லாத கடல் நத்தை,
சுண்டுவிரல் நகத்தளவு.
வைகாசியில் புறாமலைக்குப் போகிறோம்
(பேர்தான் மலை, அது தீவாம்)
அதற்கு முன் கண் பழக வேண்டுமென்று
விடியும் முன்னே மவுசாக்கலை டேமில் இறங்கி
எல்லாவற்றையும் ஒளித்துவிட்டு வந்திருந்தான்.

போன வாரம் என் பார்மசியில்
ஆறு நிறம் கேட்டு வாங்கினான்.
யாரோ ஒருத்தி கொடுத்துவைத்தவள் என்று
பத்து ரூபாய் குறைத்தும் கொடுத்தேன்.

ஐந்து பேர் நாங்கள்.
த்ரீவீல் விஜயபாபு,
தொழிற்சாலையில் தூள் சலிக்கும் இரட்டையர்,
கணக்கு டீச்சர் டிலுக்‌ஷி:
அவள் கடலைப் பார்த்தது இரண்டு தரம்,
இரண்டும் பஸ் ஜன்னலால்.

கீழே பழைய டவுன் கிடக்கிறது.
வறட்சிக்குக் கோயில் சுவர் தலைநீட்டினால்
கொழும்பிலிருந்து படம் பிடிக்க வருவார்கள்.
"கோயிலுக்குப் போறவங்க தேங்காயோட போங்க,
நமக்கு நத்தை" என்றான் ரிஃபாஸ்.
வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு
சிரிக்க முடியாமல் இறங்கினோம்.

பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர்.
நீட்டிய கை முழங்கையோடு முடிந்தது.
குளிர், கழுத்துப் பட்டியால் உள்ளே வந்து
முதுகெலும்பை ஒவ்வொன்றாய் எண்ணியது.
டோர்ச் வெளிச்சத்தில் சேறு,
சேற்றில் ஒரு போத்தல் மூடி,
பிறகு படி. யாரோ வீட்டின் மூன்று படி.
அழ வேண்டும் போலிருந்திருக்கலாம்.
எனக்குத் தோன்றியது:
ஒளிக்க நல்ல இடம்.

இரண்டாம் படியின் விளிம்புக்கடியில்
இருந்தது. இளஞ்சிவப்பு. இருபத்தேழாம் நம்பர்.

அதன் மேல் இன்னொன்று ஏறிக்கொண்டிருந்தது.
சேற்று நிறம். மிளகளவு ஓடு.
உயிருள்ள குளத்து நத்தை
பசை நத்தையின் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தது.
கொம்பை இழுத்தது, நீட்டியது.
பிடிக்கவில்லை போல. ஆனாலும் இறங்கவில்லை.
மானியில் முள் சிவப்பைத் தொடும்வரை
நான் அங்கேயே கிடந்தேன்.

மேலே வந்து எண்ணினால் பதினாலு.
ரிஃபாஸ் என்னைப் பார்த்தான்.
நான் தலைமயிரைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவன் துள்ளினான். கணுக்காலில் அட்டை.
"எங்க ஊரில அட்டை என்றா கிலோ கணக்கில காசு!"
"இங்க அது எங்களத்தான் விக்கும்" என்று
விஜயபாபு சவர்க்காரத்தைத் தேய்த்தான்.

மூழ்கினவர் உடனே உயரம் ஏறக்கூடாது.
சோடா மூடி திறந்ததுபோல்
ரத்தத்தில் காற்று நுரைக்குமாம்.
இது ஏற்கெனவே நாலாயிரம் அடி, அட்டவணையே வேறு.
டிலுக்‌ஷி சிகரெட் பெட்டியின் பின்னால் கூட்டிக் கழித்தாள்.
பணியக்கணக்கு ஆட்கள் போகலாம். போய்விட்டார்கள்.
என் வீடு மேற்கணக்கில்.
இன்னும் எண்ணூறு அடி.

தார்ப்பாயில் உட்கார்ந்து
மூடுபனி லயங்களை ஒவ்வொன்றாய் அழிப்பதைப் பார்க்கிறேன்.
போன் அடிக்கிறது.
"எங்கடி நிக்கிற?"
"கீழ, டேமுக்குப் பக்கத்தில."
"ஏன் இன்னும் வரல்ல?"
"மேல வரக்கூடாதாம் அம்மா, ராத்திரி மட்டும்."

அந்தப் பக்கம் சத்தமில்லை.
பிறகு, கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கும் சத்தம்.

"யாருடி சொன்னது?"