புளியரை செக்போஸ்ட்டில் ஒரு கடல்

குற்றாலத்திலிருந்து செங்கோட்டை போகிற சாலையில்
எங்கள் ரிசார்ட்டின் வரவேற்பறை
பதினாறு வருஷம் கடலுக்கடியில் இருந்தது.

நீலத் தரை, நீலச் சுவர்.
கூரையில் எட்டுக் கையும் விரித்துத் தொங்கிய
ஃபைபர் ஆக்டோபஸ்.
சங்கின் வயிற்றுக்குள் உட்கார்ந்து
சாவி கொடுப்பார் செய்யது மசூது.
உள்ளே நுழைந்த பிள்ளைகள்
கேட்காமலே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

அதன் கைகளிலிருந்த கிண்ணங்களை எண்ணியவள்
நான் ஒருத்திதான்.
கைக்கு நாற்பத்தொன்று.
ஏழாவதில் மட்டும் முப்பத்தெட்டு,
மூன்றை ஒரு சிவகாசிப் பையன் பிய்த்துப் போனான்.
புதன்தோறும் ஏணி போட்டு
பழைய டூத் பிரஷால் தேய்ப்பேன்.
ஒட்டடையும் பல்லி முட்டையும் தலையில் விழும்.
நிஜக் கடலை நான் பார்த்தது
திருச்செந்தூரில் ஒரு தடவை,
அதுவும் கூட்டத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து.

இந்த வருஷம் சாரலுக்கு முன்னால்
முதலாளியின் மருமகன் வந்தார்.
"கண்ணை உறுத்துது" என்றார்.
நாற்பதே நாளில் எல்லாம் மணல் நிறம்.
பிரம்பு விளக்கு, கைப்பிடி இல்லாத சோபா,
சட்டிக்குள் ஒரே ஒரு செடி,
அதற்குத் தனி வெளிச்சம்.

ஆனி பிறந்தது. வந்தார்கள்.

விருதுநகர் எண்ணெய் மண்டிக்காரர்
வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.
"டாக்டர் எப்ப வருவாரு?" என்றாள் அவர் மகள்.
கோவில்பட்டிக் கோஷ்டி ஒன்று
கையெழுத்துப் போட்ட தாளை நீட்டியது.
மருமகன் புதினாத் தண்ணீர் கொடுத்தார்.
குடித்துவிட்டுத் திட்டினார்கள்.
கொல்லத்து லீலாம்மா டீச்சர்
மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடித்தார்.
அவர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அரபிக்கடல்.
ஆனாலும் வருஷா வருஷம் மலை தாண்டி வந்து
எங்கள் கடலில்தான் படம் எடுப்பார்.
"அங்கே உள்ளது சும்மா வெள்ளம்" என்பார்.

சண்முகக்கனியும் ரெஜியும் எதுவும் சொல்லவில்லை.
ஒன்பது வருஷத்துக்கு முன்னால்
அவள் அண்ணன்மார் பைக்கில் ஊரைச் சல்லடை போட்ட ராத்திரி,
காட்ட ஒரு அட்டைகூட இல்லாமல்
விடியும்வரை ஆக்டோபஸுக்குக் கீழே இருந்தவர்கள்.
மசூது நிமிராமல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்,
எழுதக் கணக்கே இல்லாத நேரத்தில்.

"எந்த இடம்க்கா?" என்று கேட்டாள்.
செடிச்சட்டியைக் காட்டினேன்.
ரெஜி அதை நகர்த்தினான்.
இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள்.
செடியின் வெளிச்சம் அவர்கள்மேல் விழுந்தது.
மருமகன் வந்தார், வாயைத் திறந்தார்,
மூடிக்கொண்டு போனார்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால், என் தோள்பட்டைக்குச் சந்தோஷம்
என்று சொல்லியிருப்பேன்.

ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால்
அது மல்லாந்து கிடந்தது.
கிண்ணமெல்லாம் மழைத்தண்ணீர், தலைப்பிரட்டை.
டீச்சர் நாலாயிரத்துக்குப் பேசி முடித்தார்.
பிக்கப் வண்டியில் ஏற்றி
கயிறு கட்டியது நான்தான்.
எந்தக் கை எந்த இடத்தில் முறியும் என்று
வேறு யாருக்குத் தெரியும்?

புளியரை செக்போஸ்ட்டில்
தார்ப்பாயை விலக்கிய போலீஸ்காரர்
என்ன லோடு என்றாராம்.
டிரைவர் கொஞ்சம் யோசித்திருக்கிறான்.
"கடல் சார். கடலுக்குத்தான் போகுது."
"பில் இருக்கா?"

இன்று புதன். ஏணி வேண்டாம்.
மணல் நிறத் தரையில் ஒன்றும் ஒளிவதில்லை.
மெயின் அருவியில் குளித்தவரின் எண்ணெய்ப் பாதம்,
ஐந்தருவிச் சேறு,
ரம்புட்டான் கொட்டை ஒட்டிய ஒரு குதிகால்.
இத்தனை பேரா நடந்தார்கள் அந்த நீலத்தில்,
எனக்குக் காட்டாமல்?

நடுக்கூடத்தில் ஒரு சின்னப் பாதம்
விரல்கள் மட்டும் பதிய எக்கி நின்றிருக்கிறது,
மேலே ஒன்றும் இல்லாத இடத்தில்.

அதைக் கடைசியில் துடைத்தேன்.