சராசரியாக ஒரு நொடி

பூன் லே பேருந்து முனையத்தில்
புறப்படும் நேரம் குறிப்பது என் வேலை.
இரண்டு வண்டி ஒட்டிக்கொண்டு வந்தால்
பின்னதைப் பிடித்து நிறுத்துவேன்,
நடுவில் கொஞ்சம் காலத்தைச் செருகுவேன்.

ஜாலான் புசார் பக்கம் பழஞ்சாமான் விற்கும் ஓங்
எட்டு வெள்ளிக்கு ஒரு மேசைக் கடிகாரம் தந்தார்.
நாலு இருபதில் நின்றுபோனது.
ஒரு காலத்தில் இருட்டில் ஒளிர்ந்த எண்கள்
கோப்பிக் கறை நிறத்துக்கு வந்திருந்தன.
"ஓடாது" என்றார், மறைக்காமல்.

எண்களில் பூசியிருந்தது ரேடியம்.
செத்தது ஒளி மட்டும்தான்.

கைகர் கருவிக்குப் பக்கத்தில் வைத்தால்
சூடான எண்ணெயில் கடுகு.
ஒரு சாண் தள்ளினேன்.
இன்னும் நாலு விரல்.
சாப்பாட்டு மேசையின் அந்த ஓரத்தில்
நிமிடத்துக்கு அறுபது என்று வந்த இடத்தில்
பென்சிலால் ஒரு கோடு.
நின்றுபோன கடிகாரம் இப்போது
நொடிக்கு ஒருமுறை அடிக்கிறது,
சராசரியாக.

அந்தச் சராசரிக்குள் நடப்பதைத்தான்
இரவு முழுக்க மடிக்கணினி எழுதியது:
ஒன்று புள்ளி மூன்று. புள்ளி பூஜ்யம் நான்கு.
புள்ளி ஆறு. புள்ளி ஒன்று.
பிறகு நாலரை நொடிக்கு எதுவுமில்லை.

பேருந்து என்றால் சொல்லிவிடுவேன்,
இவ்வளவு நேரம் வரவில்லையா, இதோ வந்துவிடும்.
இதனிடம் அந்தப் பேச்சு செல்லாது.
காத்திருந்ததெல்லாம் கணக்கில் வராது.
ஒன்பது நொடி நின்றவனும்
இப்போதுதான் வந்தவனும்
ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.
உடையப்போகும் அணு
உடையும் கணம் வரை
நேற்றுச் செய்தது போலிருக்கிறது.

அதிகாலை மூன்று பன்னிரண்டுக்கு
பத்து நொடிக்கு மேல் மௌனம்.
கருவி பழுதென்று விரலால் தட்டினேன்.
தட்டியதற்கும் அது பேசியதற்கும்
சம்பந்தமில்லை. தெரியும். இருந்தாலும்
இன்னொரு தரம் தட்டினேன்.

இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம் இடைவெளிகளை
நீளவாரியாக அடுக்கினால்
கீழ்த்தளத்து விளையாட்டுத் திடலின்
சறுக்குமரம் வருகிறது:
குட்டி இடைவெளிகள் ஏணியுச்சியில் கூட்டமாக,
நீண்டவை மணலில் ஒன்றிரண்டு.
யாரும் நிறுத்திவைக்காமல்
யாரும் அட்டவணை போடாமல்.

ஒன்றை எண்ணி முடிக்கும் கண்ணிமைப்பில்
கருவிக்கு அடுத்தது கேட்காது.
அந்த இமைப்புக்குள் உடைந்தவை
என் பட்டியலில் இல்லை.

இரவுப்பணி முடிந்து
மருத்துவமனைச் சீருடையோடு வந்த புஷ்பலீலா
முதலில் கேட்டது,
"சோறு தின்ற மேசையிலா?"
கண்ணாடியைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.
"எப்ப முடியும் இது?"
"பாதி தீர ஆயிரத்தறுநூறு வருஷம்."
"மீதிப் பாதி?"
"அதில் பாதிக்கு இன்னொரு ஆயிரத்தறுநூறு."
காலுறையைக் கழற்றிக்கொண்டே
கூரையைப் பார்த்தாள்.
"வீட்டுக் குத்தகையில மிச்சம்
அறுபத்தொன்னுதான்."

குளிக்கப் போனாள்.
குளியலறையில் நீர் விழும் சத்தத்துக்கு நடுவே
ஒன்று. இரண்டு மூன்று. பிறகு ஒன்று.
பிரித்துக் கேட்க முடிந்தவரை கேட்டேன்.

மதியம் முனையத்தில்,
கூடை நிறையக் கீரையோடு ஒரு சீனத்து அம்மா
அடுத்த வண்டி எப்போதென்று கேட்டார்.
மூன்று நிமிடம் என்றேன்.
மூன்றாவது நிமிடம்
வளைவில் வண்டி திரும்பியது.
அவர் ஏறிப் போய்விட்டார்.
பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக
நான் சொன்னது பலித்ததற்கு
வாயைப் பிளந்து நின்றேன்.