ஐந்தரை மணி நேரம் முன்னால்

படம் தெரியவில்லை.
வசனம் வருகிறது,
மழை பெய்கிற சத்தம் வருகிறது,
யாரோ செருப்பை உதறுகிறார்கள்.
"கதவு தட்டப்படுகிறது" என்று
அடியில் வெள்ளையாக எழுத்தும் வருகிறது.
கதவைத்தான் காணோம்.

கறுப்புத் திரையில்
நானும் ஜெர்லினும்
பின்னால் கொடியில் காயும் அவளது ஆபீஸ் சட்டையும்.

எஸ்.பி. ரோட்டில் ஏழாயிரத்து ஐநூறுக்கு வாங்கியது.
விண்டோஸ் போட்டால் ரெண்டாயிரம் கூட ஆகும் மேடம்,
இது லினக்ஸ், இலவசம், வைரஸே வராது
என்றார் கடைக்கார முனீர்.
வரவில்லைதான்.
நூற்று நாற்பத்தொன்பது ரூபாய் கட்டியும்
படமும் வரவில்லை.

விளம்பரம் மட்டும் பளிச்சென்று ஓடுகிறது.
சோப்புக்கு யாரும் பூட்டு போடுவதில்லை.

வாரத்தில் ஒரு ராத்திரிதான் அவளுக்கு.
மற்ற ராத்திரிகளில் மான்யதாவில் ஏழாவது மாடியில்
லண்டன்காரர்களின் நசுங்கிய கார்களுக்கு
இழப்பீடு கணக்கெழுதுவாள்.
நான் ஹென்னூரில் பல் ஆஸ்பத்திரியில்
பகலெல்லாம் ரசீது போடுகிறவள்.
ஒரே மெத்தை.
அவள் எழுந்துபோன சூட்டில் நான் படுப்பேன்.

எங்கோ உள்ளே, அமைப்புகளின் மூன்றாம் அடுக்கில்
ஒரு சின்னச் சதுரம் இருந்தது.
'பாதுகாக்கப்பட்டவற்றை இயக்கு.'
யாரும் சொல்லாமல் அது தானாக இயங்காதாம்.
கதவே வைக்காமல் வீடு கட்டியவர்கள்
அடுத்தவன் இரும்புப்பெட்டியை உள்ளே விடத்
தயங்குவார்கள்தானே.
டிக் அடித்தேன். ஏதோ இறங்கியது.
மூடித் திறந்தேன்.

கறுப்பு போய்
ஒரு நீளமான எண் வந்தது.
'உரிமம் கிடைக்கவில்லை.'
"முன்னேற்றம்டீ" என்றாள் ஜெர்லின்.

குக்கீயை அழித்தோம்.
வேறு பிரவுசர் போட்டோம்.
கறுப்பு ஜன்னலில் கடவுச்சொல் கேட்டது;
தட்டத் தட்ட ஒரு புள்ளிகூட விழவில்லை,
சுவரிடம் பேசுவது மாதிரி இருந்தது.
இடையில் கீழ்வீட்டு ஓனர் வந்து
போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ஆதார் நகல் கேட்டார்.
மூன்றாவது தடவை.
கொடுத்தோம். இங்கே எல்லோருக்கும்
நாங்கள் நாங்கள்தான் என்று தெரிந்தாக வேண்டும்.

அப்போதுதான் மூலையில் பார்த்தேன்.
சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பத்து.
கணினியில் இரண்டு நாற்பது.
மறுநாள்.

முனீர் நம் ஊர் நேரத்தை வைத்திருக்கிறார்.
இந்தப் பிள்ளை அதை லண்டன் நேரம் என்று நினைத்து
மேலே ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொண்டது.
நாங்கள் நீட்டிய உரிமத்தை எல்லாம்
நேற்றையது என்று திருப்பியிருக்கிறது.

ஜெர்லின் சிரிக்கவில்லை.
"ரெண்டு நாற்பதா?
நான் டீக்குக் கீழே இறங்குற நேரம்" என்றாள்.

திருத்தினேன்.
படம் வந்தது, கொஞ்சம் மங்கலாக.
எங்கள் மெஷினை அவ்வளவு நம்பமாட்டார்களாம்,
நானூற்று எண்பது வரிக்கு மேல் தரமாட்டார்கள்.
மழை துளித்துளியாக விழவில்லை,
நனைந்த கம்பளி மாதிரி விழுந்தது.
ஆனால் கதவு இருந்தது.
பச்சைக் கதவு.
நான் நீலம் என்று வைத்திருந்தேன்.
அவள் கதவே இருக்காது,
வெறும் திரைச்சீலையை யாரோ தட்டுகிறார்கள் என்றிருந்தாள்.

அந்தப் பச்சையை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள்.
கறுப்பாக விழுந்தது.
இன்னொன்று. அதுவும்.
கடைசியில் போனைத் தூக்கிப் பிடித்து எடுத்தாள்:
கதவுக்குக் குறுக்கே எங்கள் டியூப்லைட்,
தாழ்ப்பாள் இருக்கவேண்டிய இடத்தில் என் நெற்றி.

பாதியில் தூங்கிவிட்டேன்.
முழிப்பு வந்தபோது மெத்தையில் அவள் பக்கம் காலி.
மூலையில், இப்போது சரியாக,
இரண்டு நாற்பத்தொன்று.
அடுப்படியில் டீத்தூள் டப்பாவை
சத்தம் வராமல் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.